பதினொரு ஒன்றுகள்

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அருந்ததி கொழும்பில் தங்கியிருந்த வீடு எரிந்தது. பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தவள், அகதிக் கப்பலில் உடுத்த உடுப்போடு காங்கேசன்துறையில் வந்து இறங்கினாள். பருத்தித்துறையில் படகு எஞ்சின் திருத்தும் அண்ணன் முருகேசு வந்து தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான்.

எரிந்துபோனவற்றில் ஒரு கட்டுக் கடதாசிதான் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. பதினொரு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் பெரிய எண் வேறெந்த எண்ணாலாவது மீதியில்லாமல் பிரிபடுமா என்று மாதக்கணக்காகப் பார்த்துவந்தாள். கூடப் படித்தவர்கள் எல்லாம், அது பிரிபடாது, விட்டுவிடு என்றார்கள். அவள் விடவில்லை.

வந்த கிழமையே உதிரிப்பாகங்கள் சுற்றிவந்த மண்ணிறத் தாள்களை அண்ணனிடம் கேட்டு வாங்கினாள்.

"பத்தாயிரம் வரைக்கும் பாத்து முடிச்சிட்டன் எண்டு சொன்னனி. அதிலையிருந்து துடங்கன்" என்றான் முருகேசு.

"ஞாபகத்தை நம்பேலாது அண்ணை. ஒரு இடத்திலை பிழைச்சிருந்தா முழுக்கப் பிழை. முதல்லையிருந்து பாக்கிறன்."

"பாத்து என்ன பிரயோசனம்?"

"ஒண்டுமில்லை. எனக்குத் தெரியோணும்."

எல்லா எண்ணாலும் வகுக்கத் தேவையில்லை என்பதை அவள் முன்பே நிறுவியிருந்தாள். இருபத்திரண்டின் மடங்கைவிட ஒன்று கூடிய பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். இருபத்து மூன்று, அறுபத்தேழு, எண்பத்தொன்பது என்று புறப்பட்டாள். ஒரு லட்சத்து ஐயாயிரத்தைத் தாண்டும்வரை எதுவும் சரிவராவிட்டால் அந்த எண் பிரிபடாது என்று முடிவுகட்டலாம்.

ஒவ்வொரு வகுத்தலும் நீளமானது. ஒவ்வொன்றையும் பெருக்கிச் சரிபார்த்தாள். மீதி வந்துகொண்டே இருந்தது. யாரோடும் கதைப்பது குறைந்தது. அண்ணன் மனைவி பத்மாவதிக்குப் பயம் பிடித்துவிட்டது.

"கலவரத்திலை பயந்த பிள்ளை. கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு நூல் கட்டுவிப்பம்" என்றாள்.

"கட்டுங்கோ மச்சாள்" என்று அருந்ததி உடனே எழுந்தாள். போய்க் கட்டிக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து வகுக்கத் தொடங்கினாள்.

பத்தாயிரம் கடந்தது. மாரி பிடித்து, ஈரத்தில் தாள்கள் ஒட்டிக்கொண்டன. இருபதாயிரத்தையும் தாண்டியபோது, உண்மையிலேயே பிரிபடாதோ என்ற நினைப்பு வந்தது. பிரிபடாவிட்டால் அதுவும் ஒரு விடைதானே என்று சொல்லிக்கொண்டு அடுத்த எண்ணை எடுத்தாள். இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது. கடைசிக் கழித்தலில் பூச்சியம் வந்தது. மறுபடி வகுத்தாள். மறுபடியும் பூச்சியம்.

பட்டறைக்குப் புறப்பட்ட அண்ணனை நிறுத்தினாள். "இதை ஒருக்காப் பெருக்கிப் பாருங்கோ. என்ரை கண்ணை நம்பேலாமல் கிடக்கு."

21649, 513239 என்று இரண்டு எண்களை எழுதிக் கொடுத்தாள். முருகேசு வாசலில் குந்தியிருந்து பெருக்கினான். கூட்டும்போது நடுவில் ஒரு இரண்டு வந்தது. அவனே பிழையைக் கண்டு, வலப்பக்கத்திலிருந்து திரும்பக் கூட்டினான். ஒன்று, ஒன்று, ஒன்று என்று கடைசிவரை ஒன்றாகவே வந்தது.

மேலே எழுதியிருந்த இரண்டு எண்களையும் விரலால் தொட்டு, "உந்த ரெண்டும் இனி உடையாதோ?" என்று கேட்டான்.

"உடையாது அண்ணை. உடைக்கக்கூடிய சின்ன எண் எல்லாம் முந்தியே பாத்து முடிஞ்சுது."

அவன் தலையாட்டிவிட்டுப் பட்டறைக்குப் போனான். அவள் புதுத்தாள் எடுத்துப் பதின்மூன்று ஒன்றுகளை எழுதினாள். அது ஐம்பத்து மூன்றிலேயே பிரிந்துவிட்டது. பிறகு பதினேழு ஒன்றுகளை எழுதி, எத்தனை வகுத்தல் தேவைப்படும் என்று கணக்குப் பார்த்தாள்.

பின்னேரம் முருகேசு வந்து கை கழுவும்போது பக்கத்தில் போய் நின்றாள்.

"பதினேழு ஒண்டு இந்தத் தாளுகளுக்கு அடங்காது அண்ணை. யாழ்ப்பாணக் கம்பசிலை படிக்க இடம் கேக்கப் போறன். நாளைக்குக் காலமை பஸ்ஸுக்கு என்னை இறக்கிவிடுறியளோ?"

"ஓம்" என்றான் அவன்.