பதினோராவது இலக்கம்

மேசை விசிறியைப் பூட்ட இடமில்லையென்று சுபைதா மதினி சுவரில் கல்குலேட்டருக்குப் போட்டிருந்த ஒரே ப்ளக்கைப் பிடுங்கப் போனாள். ஸல்ஹா பாய்ந்துபோய் அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

“அதக் களட்டாதீங்க மதினி. கணக்கு அழிஞ்சி போகும்.”

புருசனின் மய்யித்தைக் குளிப்பாட்ட இப்போதுதான் முற்றத்துக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள்; இவளுக்குக் கணக்காம்! அறையிலிருந்த பெண்கள் ஆளையாள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

அவள் புருசன் ஸெய்னுதீன் துறைமுகத்து வயர்லெஸ் வேர்க்சொப்பில் இருந்தவன். சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில் விழுந்த பிறகும் அந்த மனிசனுக்கு ஒரே பைத்தியம்தான். ஆயிரம் மெகாஹேர்ட்ஸிலிருந்து இரண்டாயிரம் வரை எந்த நுண்ணலை வந்தாலும் குறையாமல் பெருக்கித் தருகிற அம்ப்ளிஃபயர் ஒன்று செய்ய வேண்டும். போன வருசம், எண்பதில், கூட்டாளி ஒருவன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது ஒரேயொரு ட்ரான்சிஸ்டர். பிழையாகப் பூட்டினால் எரிந்துபோகும். ஆகவே முதலில் கணக்கில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அவனுக்கோ கை நடுங்கியது. அவன் படுத்தபடி சொல்லச் சொல்ல, புரோகிராம் ஏற்றிய கல்குலேட்டரில் அழுத்தியதெல்லாம் ஸல்ஹாவின் விரல். ஒரு அலைவரிசைக்கு விடை வர நாலு நிமிடம். மொத்தம் பதினொரு அலைவரிசை. எல்லாவற்றிலும் பெருக்கம் பத்து டெசிபலுக்குக் குறையாமல் வந்தால் பூட்டலாம். ஒன்று குறைந்தாலும் கம்பிச் சுருளின் அளவை மாற்றித் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்று காலையில் பத்தாவது விடையை வாசித்தாள். “பத்து தசம் ரெண்டு.”

“ம்ம், அடுத்தது” என்று எப்போதும்போல் அவன் சொல்லவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள்.

கிண்ணியாச் சொந்தங்கள் லோஞ்சுப் படகில் வந்துசேர வேண்டும், அஸர் தொழுகைக்குப் பிறகுதான் அடக்கம் என்று வாசலில் பேச்சு நடந்தது. மதினி நீட்டிய வெள்ளைச் சேலையை ஸல்ஹா உடுத்தாள். இருந்தாள், எழும்பினாள், திரும்பவும் இருந்தாள். அழுகை வரவில்லை. இத்தனை மாதம் கிடந்து போராடிவிட்டு, இன்னும் ஒன்றே ஒன்று பாக்கியிருக்க மனிசன் போய்விட்டதே என்ற ஆத்திரம்தான் வந்தது. மண்ணுக்குள் போகுமுன் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். பெண்களை விலக்கிக்கொண்டு போய், மேசையிலிருந்த கல்குலேட்டரில் கடைசி அலைவரிசையான இரண்டாயிரத்தை அழுத்தினாள்.

மய்யித்துக்குக் கபன்துணி சுற்றி முன்னறையில் கிடத்தி, முகம் பார்க்க வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். ஸல்ஹா அசையவில்லை. இரண்டாந்தரமும் கூப்பிட்டார்கள். விடை வந்தது. அதை ஒருதரம் வாசித்தாள். பிறகு முன்னறைக்குப் போய் அவன் காதருகில் குனிந்தாள். அவள் ஓதுகிறாள் என்று நினைத்து மற்றவர்கள் விலகி இடம் விட்டார்கள்.

“ஒம்பது தசம் ஏழுங்க,” என்றாள். “பத்துக்குக் காணாது.”

அப்போதுதான் அழுகை பீறிட்டு வந்தது.

மய்யித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் புறப்பட்டார்கள். சுபைதா அவளை அணைத்து அறைக்குள் கூட்டிவந்தாள்.

“இனி இத்தா முடியுமட்டும், நாலு மாசம் பத்து நாள், இந்த அறைதான் புள்ள. மேசைய வெளியில போடச் செல்லவா?”

“மேச இரிக்கட்டும் மதினி.”

அவன் அடுத்ததாகப் பார்க்கவென்று எழுதிவைத்திருந்த சுருளின் அளவைத் தேடி எடுத்தாள். அதைக் கல்குலேட்டருக்குக் கொடுத்து, திரும்ப முதலிலிருந்து, ஆயிரத்தை அழுத்தினாள். கலிமாச் சத்தம் தெரு முடக்கைத் தாண்டித் தேய்ந்துகொண்டு போயிற்று. நாலு நிமிடத்தில் விடை வந்தது. வெறும் கட்டிலைப் பார்த்துச் சத்தமாக வாசித்தாள்.

அவன் “ம்ம்” சொல்லுமளவு நேரம் பொறுத்தாள். பிறகு அடுத்ததை அழுத்தினாள்.