ஏழாவது கதவு

...தாடி மட்டும் வரமாட்டேன் என்கிறது, பஞ்சைப் பிய்த்தால் பசையோடு மட்டையும் சேர்ந்து கிழிகிறது, கடவுளின் தாடியைப் பிய்த்த பாவத்தை எந்தப் பாதரிடம் போய்ச் சொல்வது, அதுவும் யூதப் பள்ளிக்கூடத்துச் சுவரில்... மற்ற ஆறு கதவுகளும் சரியாகத்தான் இருக்கின்றன. சின்னப்பிள்ளைகள் திறந்து பார்க்கிற மட்டைக் கதவுகள், உலகம் படைக்கப்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று, யூதர்களுடைய எழுத்துப் போலவே வலமிருந்து இடமாக. முதலாவதில் வெளிச்சம், நாலாவதில் சூரியனும் சந்திரனும், ஐந்தாவதில் நாடாவை இழுத்தால் நீந்துகிற மீன், ஆறாவதில் சிங்கம். ஏழாவதைத் திறந்தால் மேகத்தில் சாய்ந்து கண்ணயர்கிற வெள்ளைத் தாடிக் கிழவர், மன்னாரில் ஞானோபதேசப் புத்தகத்தில் நான் பார்த்த அதே ஆள். வேறு யாரைப் போடுவேன்? ஓய்வெடுத்தவர் அவர்தானே. வகுப்பு ஆசிரியை ஷிரா திறந்து பார்த்தாள், சிரித்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். நாங்கள் அவரை வரைவதில்லை கத்தரின், என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, உதவியாளுக்குத் திட்டு பழகிப்போனதுதான், அந்தச் சிரிப்புத்தான் காதுவரை சுட்டது. அப்படியென்றால் எதைப் போடுவது? அன்று ஒன்றும் செய்யாமல் இருந்தார், அதைப் போடு, ஒரு மேசை, இரண்டு மெழுகுதிரி, சுற்றிவர வீட்டார் எல்லோரும், உன் வீட்டை நினைத்து வரையேன், என்று கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வெள்ளிக்கிழமை, பொழுது பட்டால் அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதற்குமுன் அவள் வீட்டில் இருக்க வேண்டும்.

மொன்றியலுக்கு வந்த நாளிலிருந்து எனக்குத்தான் ஒன்றும் செய்யாத நாள் கிடையாது, சனி பகலிலும் வேறொரு வேலை. மிச்சமிருக்கிற ஞாயிறையும் ஹென்றி அண்ணை கேட்கிறார், ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர், ஞாயிறுகளில் கடையில் நிற்க ஆள் வேண்டுமாம், இன்று முடிவு சொல்ல வேண்டும். ஓம் என்றுதான் சொல்லப் போகிறேன். காலையில் அருமைராசாவிடமும் கேட்டேன், இரவு வேலை முடிந்து வந்த மனுசன் போர்வைக்குள்ளிருந்து "உம்மட விருப்பம்" என்றார். கட்டியவர் வேறென்ன சொல்வார். பூசையென்றால் சனி மாலையும் இருக்கிறது. பிறகு ஏன் ஹென்றி அண்ணைக்கு இன்னும் சொல்லவில்லை? நாலு பேரும் வீட்டில் இருக்கிற ஒரே நாள் போய்விடும் என்றா?

சரி, வீட்டை நினைத்தே வரைவோம். மேசை வந்துவிட்டது, நாலு கதிரைகளும் வந்துவிட்டன. ஜன்னல் பக்கம் அருமைராசா... அவர் மத்தியானம்வரை நித்திரையல்லவா, எழும்பினால் சோற்றுக் கோப்பையோடு டிவிக்கு முன்னால் போவார். மகன் டெனிஸ்டன் தன் கோப்பையைக் கம்ப்யூட்டரடிக்குக் கொண்டுபோவான். மகள் லக்சனா பசியில்லை என்பதையும் பிரெஞ்சில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவாள். நான்? நான் அடுப்படியில் நின்றபடியே ஏதோ அள்ளிப்போடுவேன்... பென்சில் நகரவில்லை. எந்தக் கதிரையில் யார் இருப்போம் என்றே எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது, யாருமில்லாத வகுப்பில் அழுகையும் வருகிறது. அதற்குள் கைத்தொலைபேசி அடிக்கிறது, ஹென்றி அண்ணை.

"என்ன தங்கச்சி, ஞாயிறு வாறீர்தானே?"

"வரேலாது அண்ணை."

யார் சொன்னது, நானா?

"ஏன், என்ன பிரச்சினை?"

"ஞாயிறிலை நாங்கள் நாலு பேரும் ஒண்டாய் இருந்து சாப்பிடுறனாங்கள்."

பாவம், நம்பிவிட்டார், நல்ல பழக்கம், விட்டிடாதேயும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். பொய் சொல்லியாயிற்று. நாளை மறுநாள் ஞாயிறு, அருமைராசாவை எத்தனை மணிக்கு எழுப்புவது, பிள்ளைகளை என்ன சொல்லிக் கூப்பிடுவது, கூப்பிட்டால் வருவார்களா...