படி இறங்கிய மேசை

அந்த அலுவலகம் இரண்டாவது மாடியிலா, மூன்றாவது மாடியிலா என்று இப்போது எனக்கு உறுதியாகச் சொல்ல வரவில்லை. லிஃப்ட் ஓடவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

முன்னாள் படைவீரர் நல அலுவலகம் அது. படிக்கட்டின் அடியில், 'அழைக்கும் வரை இங்கே காத்திருக்கவும்' என்று ஒரு பலகை. முன்பெல்லாம் மாடியிலிருந்து ஒரு பணியாள் இறங்கி வந்து அழைப்பார். அவர் ஓய்வு பெற்ற பின் அந்த வேலைக்கு ஆள் போடவில்லை. பலகையைக் கழற்றவும் இல்லை. ஊழியர்கள் பின்பக்கப் படியில் ஏறி, அப்படியே இறங்கிப் போனார்கள்.

வேறு யாராக இருந்தாலும் சத்தம் போட்டிருப்பார்கள். இவர்கள் பட்டாளத்துக்காரர்கள். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்து, எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

அவர்களில் ஒருவருக்கு 'டாங்கி' என்று பட்டப்பெயர், பட்டாளத்தில் ஓட்டியது அதைத்தான். அவருடைய செயற்கைக் கால் விரிசல் விட்டிருந்தது. அதிகாரி நேரில் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் புதியது கிடைக்கும். நான் சொல்லும் அன்றுதான் அந்த ஒப்புதலுக்குக் கடைசி நாள். அன்று முதல்முறையாக மனைவியும் கூட வந்திருந்தாள்.

"ஏங்க, நான் மேல போய்க் கேட்டுட்டு வரட்டுமா?"

"கூப்பிடுவாங்க. உத்தரவு இருக்குல்ல?"

"கட்டிக்கிட்ட நாள்லேருந்து என் பேச்சக் கேட்டதில்ல. பலகை சொன்னா மட்டும் கேப்பீங்க!"

பெஞ்சே சிரித்தது. அவள் மூச்சு வாங்க மேலே ஏறினாள்.

அதிகாரி அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். "இன்னிக்கும் யாரும் வரலையேம்மா. ஆளே வராத ஆபீஸ் எதுக்குன்னு மூடப்போறாங்க."

"யாரும் வரலையா? எட்டிப் பாருங்க மேடம்."

படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக் குனிந்து பார்த்தார். கீழே ஊன்றுகோல்கள், சக்கர நாற்காலிகள், நரைத்த தலைகள். திரும்பி வந்து தன் மேசையைத் தொட்டார். பிறகு, "இந்த மேசைய இறக்க முடியுமா?" என்றார்.

"படியில வரிசையா உக்காருங்கடா!" என்று கீழிருந்து டாங்கி குரல் கொடுத்தார். கோப்புகளும் கணினியும் முத்திரைகளும், குண்டுப் பெட்டிகளைப் போலக் கைமாறி இறங்கின. நடக்க முடிந்தவர்கள் மேசையைத் தூக்கினார்கள்.

"மெதுவாப்பா, வெடிச்சிடப் போவுது!"

அதிகாரி அம்மா தரையில் முட்டி போட்டு, டாங்கியின் காலில் இருந்த விரிசலைப் பார்த்தார். அங்கேயே கையெழுத்திட்டார். எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நீங்க வரலன்னு மேலிடத்துக்குச் சொல்லிட்டே இருந்தேன். வராதது நான்தான். ஏற முடியாதவங்கள ஏறி வாங்கன்னு சொல்லக் கூடாது. நாங்கதான் இறங்கி வரணும்."

கைதட்டல் கூரையில் மோதியது.

அலுவலகம் மூடப்படவில்லை, தரைத்தளத்திலேயே நிலைத்துவிட்டது. டாங்கி புதுக் காலுடன் நடக்கிறார். அவர் மனைவி இப்போது வாசலில் நின்று, வருபவர்களைப் பெயர் சொல்லி உள்ளே அழைக்கிறாள். அந்த வேலை அவளுக்கே கிடைத்தது. அதிகாரி அம்மா ஓய்வு பெற்றுவிட்டார். பலகையைக் கழற்றியவர் டாங்கிதான், அதற்கு முறையான உத்தரவு வந்த பிறகு.