மழைக்குழியில் கல்வாழை

காட்டூரில் வளவன் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர் முன்பெல்லாம் தெருவில்தான் விழும். ஒரு மழை பெய்தால் மூன்று நாள் வாசலில் தேங்கி நிற்கும். அங்கன்வாடி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், அவர் மனைவி பானுமதி ஆள் வைத்து வீட்டுக்கு முன்னால் ஒரு குழி வெட்டினாள். கட்டில் அகலம், முழங்கால் ஆழம். மணலும் மட்கிய சாணியும் கலந்து போட்டு, மாடிக் குழாயை அதில் கொண்டுவந்து விட்டாள். திருவானைக்காவல் நர்சரியிலிருந்து செடிகளை ஒவ்வொன்றாக பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். தண்ணீர் நிற்கும் நடுவில் கல்வாழை, ஓரத்தில் இட்லிப்பூ, மேட்டில் நந்தியாவட்டை. ஐப்பசி மழையில் குழி ததும்பும். மறுநாள் மண் அத்தனையையும் குடித்திருக்கும்.

"கொசுதான் வரும்னீங்களே, எங்க கொசு?" என்று சிரிப்பாள்.

நான்கு வருஷம் கழித்து அவளுக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பில் வைத்த பால், பிறகு மகளின் பெயர். இது கூடுமே தவிரக் குறையாது என்றார் டாக்டர். இந்த ஆவணியில் ஒரு காலை வளவன் கடைக்குப் போய்த் திரும்பியபோது, அவள் குழிக்குள் உட்கார்ந்து கல்வாழையைக் கிழங்கோடு பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரே களையா மண்டிக் கிடக்குங்க."

மத்தியானம் அவள் தூங்கியதும் அவர் திரும்ப நட்டார். அவள் மறுபடியும் பிடுங்கினாள். ஏழெட்டுத் தடவை இப்படியே நடந்தது. ஒருநாள் இட்லிப்பூவும் நந்தியாவட்டையும் வேர் அறுந்து வாசலில் கிடந்தன. அவை இனிப் பிழைக்காது.

"அறிவிருக்கா உனக்கு? நீ வச்ச செடிடி இதெல்லாம்."

முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் அப்படிக் கத்தியதில்லை. அவள் தன் மண் கைகளைப் பார்த்தாள். புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு அவள் வாசலுக்கே வரவில்லை. எல்லாம் மறந்த மனசில் அந்தத் திட்டு மட்டும் தங்கிவிட்டது. ஐப்பசி பிறந்து நல்ல மழை பிடித்தது. மிஞ்சிய மூன்று கல்வாழையும் சிவப்பாகப் பூத்தன. வளவன் அவள் கையைப் பிடித்து வாசல்படி வரை கூட்டிவந்தார்.

"வா பானு, பூவப் பாரு."

"வேணாங்க. வெளியில போனா எங்க வீட்டுக்காரர் திட்டுவாரு."

"திட்ட மாட்டாரும்மா."

"உங்களுக்குத் தெரியாது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நல்ல மனுஷன்தான். நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன். என்னன்னுதான் தெரியல."

வளவன் சட்டென்று குழிக்குள் இறங்கி, உயரமான கல்வாழை ஒன்றைக் கிழங்கோடு பிடுங்கி அவளிடம் நீட்டினார்.

"இந்தா, வச்சுக்க. அவரே குடுக்கச் சொன்னாரு."

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பின்வாங்கினாள்.

"ஐயோ, சீக்கிரம் நட்டுடுங்க. அவரு வர்றதுக்குள்ள."

மழையில் நனைந்தபடி அவர் அதை நட்டு, மண்ணைக் காலால் மிதித்து இறுக்கும்வரை, அவள் உள்ளே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தே காவல் நின்றாள்.