கையால் இழுத்துவிட்டுச் சுடு

என் புருஷன் செல்மர் வார்க்கும் ஈயக் குண்டுகளைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் கேட்க வேண்டியதில்லை. கேட்காமலே சொல்லிவிடுவான். கார்ச் சக்கரங்களில் இருந்து கழற்றிப் போட்ட ஈயக்கட்டிகளைப் பொறுக்கி வந்து, குளிர்காலம் முழுக்கக் கார் கொட்டகையில் உருக்கி அச்சில் ஊற்றுவான். ஒவ்வொரு குண்டின் அடியிலும் ஒரு செப்புக் குல்லா, மேலே மெழுகு. நார்வேக்காரர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். வடக்கு டக்கோட்டாவில் தன்னைத்தானே புகழ்ந்துகொள்பவனை யாரும் மதிப்பதில்லை. செல்மருக்கு அதெல்லாம் உறைக்காது.

மே மாதம் பனி விட்டதும் எங்கள் சங்கத்தில் பழைய ராணுவத் துப்பாக்கிப் போட்டி நடக்கும். எல்லோரிடமும் கேரண்ட் இருக்கிறது. சுட்டதும் காலி உறையைத் தானே துப்பிவிட்டு அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி அது. ஈயக் குண்டு மென்மையானது என்பதால் அதற்கு வெடிமருந்தைக் குறைத்துத்தான் போட வேண்டும். அப்போது உதை போதாமல் சில சமயம் கேரண்ட் பாதியில் நின்றுவிடும். கைப்பிடியை இழுத்து அடுத்ததை ஏற்றினால் சரியாகிவிடும். எங்கள் ஆட்களுக்கு இது தும்மல் மாதிரி. யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

இந்த வருஷமும் எல்லோருக்கும் செல்மர் தன் கையால் மருந்து ஊற்றிக் குண்டு சொருகிய தோட்டாதான். சுடுகிறவர்களுக்குப் பின்னால் நின்று உத்தரவு போடுகிறவனும் அவன்தான். லாய்ட் தன் அப்பாவின் துப்பாக்கியோடு, சுடுவதற்காகக் குப்புறப் படுத்திருந்தான். லாய்ட் எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரன், செல்மருக்குச் சின்ன வயதிலிருந்தே சிநேகிதன். ஊர்ப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கியைப் பத்திரமாகப் பிடிக்கச் சொல்லித்தரும் வகுப்பு அவனுடையது.

நடுவில் அவன் துப்பாக்கி 'டப்' என்று சோகையாக ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது. லாய்ட் கையைத் தூக்கினான்.

"சத்தம் ஒரு மாதிரி இருக்கே, செல்மர். குழலைப் பாத்துடவா?"

"ஈயம்னா அப்படித்தான்டா. உனக்கு இன்னிக்குத்தான் தெரியுமா? கையால இழுத்துவிட்டுச் சுடு, நேரமாவுது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லாய்ட் இழுத்துவிட்டுச் சுட்டான். குழல் பிளந்து, அதன் மேலிருந்த மரக்கட்டை சிதறி, அவன் இடது உள்ளங்கை கிழிந்தது. பக்கத்தூர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். தையல் போடும்போதும் அந்த மனுஷன் மன்னிப்புத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். குழலைத் துடைத்த துணியை உள்ளேயே விட்டிருப்பேன், உங்கள் போட்டியைக் கெடுத்துவிட்டேன் என்று. செல்மர் அவன் தோளைத் தட்டி, "விடு, யாருக்கும் நடக்கிறதுதான்" என்றான்.

மறுநாள் காலையில் கொட்டகையில் சுத்தியல் சத்தம். மீந்த தோட்டாக்களை அதற்கென்றே உள்ள சுத்தியலுக்குள் வைத்துத் தட்டி, ஒவ்வொன்றாக உடைத்துக் குண்டு வேறு மருந்து வேறாகப் பிரித்துக்கொண்டிருந்தான். நான் வாசலில் நின்றது அவனுக்குத் தெரியாது. ஒன்றை உடைத்தான், குண்டு மட்டும் விழுந்தது. உறையைக் கவிழ்த்தான், உதறினான், உள்ளே எட்டிப் பார்த்தான். ஒரு பொட்டு மருந்து இல்லை.

மருந்து ஊற்றிய பிறகு டார்ச் அடித்து ஒவ்வொரு உறைக்குள்ளும் பார்க்காமல் குண்டைச் சொருகக் கூடாது. இதை அவனே ஊருக்கெல்லாம் ஓதுவான். ரேடியோவில் ஹாக்கி ஆட்டம் கேட்டுக்கொண்டே கை போன போக்கில் சொருகியிருக்கிறான். மருந்தில்லாத தோட்டா, அடியில் இருக்கும் பொறி வெடித்த வேகத்தில் மட்டும் குண்டைத் தள்ளி, குழலுக்குள் பாதி வழியில் விட்டுவிட்டு நின்றிருக்கிறது. அதன் முதுகில் அடுத்ததைச் சுடச் சொன்னது இவன் வாய்.

"செல்மர்," என்றேன்.

அவன் அந்த உறையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "இதுல ஒண்ணு இப்படி இருந்தா அதுவும் அப்படித்தான்னு அர்த்தம் இல்ல, ஆர்டிஸ்."

"லாய்ட்கிட்ட சொல்லு."

"சொல்றேன், சொல்றேன். கை ஆறட்டும்."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் லாய்ட் கட்டுப்போட்ட கையோடு ஒவ்வொருவரிடமும் போய்த் தன் கவனக்குறைவைச் சொல்லிக்கொண்டிருந்தான். செல்மர் பக்கத்தில் நின்று தலையாட்டினான். நான் காப்பிப் பாத்திரம் கழுவப் போகிற சாக்கில் தேவாலயத்து அடுக்களைக்குள் ஒளிந்துகொண்டேன். அவனைத் திட்ட எனக்கென்ன யோக்கியதை? என் வாயையும் யாரும் தைத்துவிடவில்லையே.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் லாய்ட் எங்கள் வீட்டுக்கு வந்தான். இரண்டு பேருக்கும் காப்பி கொடுத்தேன். கோப்பையை வலது கையால் மட்டும் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பேசினான்.

"வகுப்பை நான் விட்டுடறேன், செல்மர். சத்தம் மாறினா நிறுத்து, குழலைப் பாருன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டு நானே பாக்கல. எந்த மூஞ்சியோட அவங்க முன்னாடி நிக்கிறது? நீ எடுத்துக்கோ. உன்ன மாதிரி கவனமான ஆளு இந்த ஊர்ல இல்ல."

இப்போதாவது சொல்வான் என்று பார்த்தேன்.

"சரி. நீ சொல்றதால எடுத்துக்கறேன்," என்றான் செல்மர்.

சீ, என்ன ஜென்மம் என்று எனக்கு ஆகிவிட்டது.

"லாய்ட், தப்பு உன்னோடது இல்ல. இவன் மருந்து போடாம மூடின தோட்டா அது. இன்னொண்ணும் அதே மாதிரி மறுநாளே அகப்பட்டுச்சு. இவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

செல்மரின் கழுத்து சிவந்துகொண்டே போனது. லாய்ட் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மறந்துபோய் விட்டிருப்ப, அது போகட்டும். ஆனா ஊரெல்லாம் நான் மன்னிப்பு கேட்டுட்டுத் திரிஞ்சேனே, நீ பக்கத்துலதானே நின்ன."

செல்மர் சர்க்கரைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

லாய்ட் எழுந்தான். தொப்பியை ஒற்றைக் கையால் மாட்டிக்கொள்ள நேரம் பிடித்தது. "வகுப்பை நானே எடுக்கிறேன். சனிக்கிழமை இதைத்தான் பிள்ளைங்களுக்குச் சொல்லப்போறேன். பயப்படாத, உன் பேரைச் சொல்ல மாட்டேன்." என் பக்கம் திரும்பி, "காப்பிக்கு நன்றி, ஆர்டிஸ்," என்றான்.

'பேரைச் சொல்லு லாய்ட்' என்று என் புருஷன் ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டானா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே லாய்டின் வண்டி கிளம்பிப் போகிற வரைக்கும் செல்மர் காப்பியில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தான். அவன் சர்க்கரை போட்டுக்கொள்கிற வழக்கமே கிடையாது.