முட்டையிடாத மகாராணி

அக்கா இப்போது பின்பக்கத்தில் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாள். குரலில் பழைய தெம்பு திரும்பிவிட்டது. அதனால்தான் எனக்கும் உட்கார்ந்து நடந்ததை வரிசையாக எழுத மனம் வந்திருக்கிறது.

அக்கா பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளை பிறந்ததும் கதவை லேசாகத் திறந்து, வெளியே காத்திருப்பவர்களிடம் ஆணா பெண்ணா என்று சொல்வது அவள்தான். இப்போது கீழ்வீட்டில் அவள், மாடியில் நானும் என் மனைவியும். ஓய்வு பெற்றும் அவளுக்குக் கை சும்மா இருக்காது. படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு போட்டோகிராபரை அவர் வீட்டுக்கே போய்க் கவனித்துக்கொண்டாள். அவர் காலமானதும் மகன் வீட்டை விற்றுவிட்டான். பின்பக்கம் நான்கு கோழிகள் மிஞ்சின.

"எடுத்துட்டுப் போறீங்களா, இல்ல கறிக்கடைக்குச் சொல்லட்டுமா?" என்று மகன் கேட்டானாம். அவன் கேட்டு முடிப்பதற்குள் அக்கா அட்டைப்பெட்டி தேட ஆரம்பித்துவிட்டாள்.

அப்படி ஒரு கோழியை நான் பார்த்ததில்லை. வெள்ளைச் சிறகு ஒவ்வொன்றுக்கும் புடவைக்குக் கரை போட்ட மாதிரி மெல்லிய கறுப்பு விளிம்பு. கொண்டை நிமிர்ந்து நிற்காமல் தலையோடு படிந்து முள்முள்ளாக இருந்தது. காதோரம் பால் நிறத்தில் ஒரு பொட்டு. மூன்று கோழிகள் ஒழுங்காக முட்டையிட்டன. நான்காவது இடவே இல்லை. தீனித் தட்டுக்கு முதலில் வரும், மற்றவை கிட்டே வந்தால் கொத்தும். அதற்கு அக்கா வைத்த பேர் மகாராணி.

"பாரு, தின்னு தின்னு மூஞ்சி எப்படிச் சிவந்து கிடக்குன்னு. மத்ததுங்க முதுகுல வேற ஏறி மிதிக்குது. திமிரு!"

மகாராணியின் காலில் பின்பக்கமாகக் கெட்டியாக ஏதோ முளைத்திருந்தது. கால் ஆணி என்று சொல்லி அக்கா தினமும் களிம்பு தடவினாள். நாங்கள் இருவரும் கோழியைத் தட்டில் மட்டுமே பார்த்து வளர்ந்தவர்கள் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

இது என்ன இனம் என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்குத்தான் முதலில் வந்தது. கோழி ஆராய்ச்சிப் பண்ணைக்கு ஒரு கடிதம் எழுதினேன். கொண்டை, காது, கால், சிறகு, முட்டை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. உதிர்ந்த சிறகு ஒன்றும் போட்டோ ஒன்றும் உள்ளே வைத்தேன். உறையை ஒட்டப்போகும்போது அக்கா எட்டிப் பார்த்தாள்.

"நாலு கோழின்னு எழுதியிருக்கே?"

"நாலுதானே இருக்கு."

"மூணுன்னு போடு. வேலை செய்யாதவளுக்கெல்லாம் எதுக்குடா கடுதாசியில இடம்?"

மூன்று என்று திருத்தினேன்.

பண்ணையிலிருந்து ஒரு டாக்டரம்மா போனில் கூப்பிட்டார். குரலில் இருந்த பரபரப்பு எங்களையும் தொற்றிக்கொண்டது. "இது கருங்கரைங்க. பழைய இனம். இப்ப எங்க பண்ணையிலகூட இல்ல. நான் படிச்சதோட சரி, உயிரோட பார்த்ததில்ல. ஆனா உங்க மூணுக்கும் வயசாயிட்டு வருது. இந்த வருஷம் குஞ்சு எடுத்தாதான் உண்டு. சீக்கிரமா சேவல் தேடுங்க. வேற இனத்தோட சேர்த்துடாதீங்க. சேவலும் பெட்டையும் ஒரே மாதிரி இருக்கணும், அதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க."

ஒரே மாதிரி. அதை நான் எல்லோரும் புரிந்துகொள்கிற மாதிரிதான் புரிந்துகொண்டேன். அதே நிறம், அதே கொண்டை, அதே கால் இருக்க வேண்டும். அதற்குமேல் சேவல் என்றால் சேவலுக்கு உரிய நீண்ட வால் இருக்கும், அதை யாராவது தனியாகச் சொல்வார்களா?

அன்றிலிருந்து அக்காவுக்கு வேறு பேச்சே இல்லாமல் போனது. படுக்கையில் கிடந்த போட்டோகிராபர் அவளிடம், "இதுங்க வம்சம் என்னோட முடிஞ்சிடக் கூடாது சிஸ்டர்" என்று அடிக்கடி சொல்வாராம். நோயாளி ஏதோ புலம்புகிறார் என்று தலையாட்டிவிட்டு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாளாம். "தலையாட்டினா சரின்னு சொன்னதாத்தானேடா அர்த்தம்?" என்று என்னைக் கேட்டாள்.

சேவல் தேடும் பொறுப்பு என் மச்சானிடம் போனது. மச்சான் வேன் ஓட்டுகிறவன். அவனுக்குத் தெரியாத தெரு கிடையாது. வாரம் ஒரு சேவலைக் கூடையில் வைத்துத் தூக்கி வருவான்.

"அக்கா, இந்த மாப்பிள்ளையைப் பாருங்க. வால் மட்டும் எத்தனை நீளம்!"

"கால் மஞ்சளா இருக்கே. எடுத்துட்டுப் போ."

அடுத்த வாரம் இன்னொன்று. நிறம் கிட்டத்தட்டச் சரி, கொண்டை மட்டும் செங்குத்தாக நின்றது. அதற்கடுத்தது எல்லாம் சரி, கறுப்பு விளிம்பு இல்லை. என் மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னைப் பார்க்க வந்தப்பகூட உங்க வீட்டுல இவ்வளவு பார்க்கல அண்ணி" என்றாள். அக்கா சிரிக்கவில்லை. முட்டைகள் வந்துகொண்டிருந்தன, நாங்கள் தின்றுகொண்டிருந்தோம். கோழிகளுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது.

இதற்கு நடுவில் பக்கத்துச் சலவைக்கடைக்காரரோடு ஒரு சண்டை. சுவருக்கு அந்தப் பக்கம் அவரும் கோழி வளர்க்கிறார்.

"உங்க சேவல் விடியறதுக்குள்ள எத்தனை தடவைங்க கூவும்? ஒரு தடவை கூவி முடிச்சு உடனே இன்னொரு தடவை. மனுஷி தூங்க வேணாமா?"

"நர்ஸம்மா, என் சேவல் ஒரு தடவைதான் கூவும். அடுத்தது உங்க வீட்டுப் பக்கமிருந்து வருது."

"எங்க வீட்டுல கூவறதுக்கு யார் இருக்கா? என் தம்பியா கூவுறான்?"

அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

சேவல் கிடைக்காத எரிச்சலெல்லாம் கடைசியில் மகாராணியின் தலையில் விடிந்தது. ஒரு சனிக்கிழமை, தீனித் தட்டில் மற்ற மூன்றையும் விரட்டிக்கொண்டிருந்த மகாராணியை அக்கா அப்படியே தூக்கி மச்சான் கையில் கொடுத்துவிட்டாள்.

"முட்டையும் இல்ல, மரியாதையும் இல்ல. நாளைக்கு உன் வீட்டுல குழம்பு வை."

நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் டாக்டரம்மா கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமையில் தொந்தரவு செய்வதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஆரம்பித்தார். அக்காவும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், உங்க போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். ஓரத்துல பாதி உடம்பு மட்டும் தெரியுதே, நாலாவதா ஒண்ணு. அது யாரு?"

"அது முட்டை போடாதுங்க. அதனால கணக்குல சேர்க்கல."

"கொண்டை மத்ததைவிடப் பெருசா?"

"ஆமா."

"கால்ல பின்பக்கம் முள்ளு இருக்கா?"

அக்கா போனருகே குனிந்தாள். "அது கால் ஆணி டாக்டர். களிம்பு போடுறேன்."

"அம்மா, கோழிக்கு எங்கம்மா கால் ஆணி வரும்? அது சேவல்! இந்த இனத்துல சேவலுக்கு வால் நீளாது. பெட்டை மாதிரியே சிறகு. சேவலும் பெட்டையும் ஒரே மாதிரி இருக்கணும்னு அன்னைக்கே சொன்னேனே!"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். "அது இப்ப எங்க இருக்கு?" என்று போன் மறுபடியும் கேட்டது. பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மச்சானுக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்தேன். அக்கா வீட்டுச் செருப்போடு பின்னால் ஏறிக்கொண்டாள். வழி முழுவதும் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். மச்சான் வீட்டுத் தெருவில் திரும்பியதுமே கறி வேகும் வாசனை மூக்கில் ஏறியது. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றுவிட்டாள்.

"நீ போய்ப் பாருடா. என்னால முடியாது."

உள்ளே அடுப்பில் பெரிய பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. மச்சான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கத்தியைப் பின்னால் மறைத்தான்.

"மாப்ளே, மகாராணி எங்க?"

"மாமா, அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "சொல்றா!"

"இது கடையில வாங்கின கறி மாமா. அதை என்னால அறுக்க முடியல. கையில பிடிச்சா நேரா கண்ணையே பார்க்குது. சரி, ராத்திரி வேன்ல இருக்கட்டும்னு விட்டேன். விடிகாலையில..." குரலைத் தணித்தான். "கூவுது மாமா. பெட்டைக்கோழி கூவுது. எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சு வீட்டுல யார்கிட்டயும் சொல்லல."

நான் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இருவர் கண்ணிலும் தண்ணீர். வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தோம்.

வேன் கதவைத் திறந்தபோது மகாராணி ஸ்டியரிங்கின்மேல் உட்கார்ந்திருந்தது. டிரைவர் சீட்டை நாசம் செய்து வைத்திருந்தது. அக்கா இரண்டு கையாலும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொண்டையைத் தடவினாள், காலைத் திருப்பி அந்த முள்ளைப் பார்த்தாள், வால் பக்கம் சிறகை ஒதுக்கிப் பார்த்தாள். பிறகு வார்டுக் கதவைத் திறந்து சொல்லும் அதே குரலில் சொன்னாள்:

"ஆண் குழந்தை."

வீடு திரும்பியதும் டாக்டரம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். அவர் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. "அப்போ இத்தனை நாளும் வந்த முட்டையெல்லாம் கருக்கூடின முட்டைதான். முதுகுல ஏறி மிதிக்கலையா?"

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மிதிச்சுது டாக்டர். நான்தான் விளக்குமாத்தால விரட்டுனேன்."

நாங்கள் ஆசை ஆசையாகத் தின்ற முட்டைகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கூடையில் அந்த வாரத்து முட்டைகள் எட்டு இருந்தன. அடைகாக்கத்தான் ஆள் இல்லை. கருங்கரைப் பெட்டைகள் சரியாக அடை உட்காரா என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். சலவைக்கடைக்காரர் வீட்டில் ஒரு பழுப்புக்கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். முகத்தைக் கழுவி, புடவையை மாற்றிக்கொண்டு அவளே போனாள். நான் சுவரோரம் நின்று கேட்டேன்.

"நீங்க சொன்னது சரிதாங்க. ரெண்டாவது சத்தம் எங்க வீட்டுலதான்."

"தம்பி கூவுறாரா?"

"போதும்ங்க. உங்க அடைக்கோழி வேணும்."

விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டுச் சலவைக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நர்ஸம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. என் மூத்தவன் பிறந்தப்போ நீங்கதானே கதவைத் திறந்து சொன்னீங்க? அவன் பையன்தானே? வீட்டுக்குப் போய் மறுபடியும் பார்த்துடட்டுமா?"

அக்கா வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கிண்டலுக்குப் பதில் சொல்லாமல் நின்றாள். அடைக்கோழி அன்றைக்கே கிடைத்தது.

பிறகு மூன்று வாரமும் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நடுவில் ஒரு நாள் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் முட்டைகளைக் காட்டினாள். சிவப்பு நூல் நூலாக உள்ளே ஓடியது. எட்டில் ஆறில் ஓடியது. "நாடி இருக்கு" என்று மட்டும் சொல்லித் திரும்ப வைத்தாள். அப்போதும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "வெளியில வந்து அழட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றாள்.

இன்று காலை பழுப்புக்கோழியின் இறக்கைக்கு அடியிலிருந்து கீச்சென்று ஒரு குரல். அப்புறம் இன்னொன்று. மத்தியானத்துக்குள் ஐந்து வந்துவிட்டன. ஈரம் காய்ந்ததும் உருண்டை உருண்டையாக நிற்கத் தொடங்கின. ஆறாவது மட்டும் ஓட்டில் ஓட்டை போட்டுவிட்டு அசையாமல் கிடந்தது. எனக்குக் கை பரபரத்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இழுக்காதே. அதுவா வரும்."

கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து காத்திருந்தாள். மச்சான் வந்தான், சலவைக்கடைக்காரர் சுவருக்குமேல் தலையை நீட்டினார், என் மனைவி இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டுப் போனாள். ஓடு மெல்ல இரண்டாகப் பிளந்தது. ஈரமாக ஒன்று வெளியே விழுந்து, கழுத்தைத் தூக்க முடியாமல் கிடந்து, பிறகு தூக்கி, கத்தியது.

அக்கா வாளியைவிட்டு எழுந்திருக்கவில்லை. முதுகைச் சுவரில் சாய்த்துக் கால் இரண்டையும் நீட்டிக்கொண்டாள்.

"தம்பி, உன் பொண்டாட்டியைச் சோறு போடச் சொல்லுடா. பசிக்குது. நிறையப் போடச் சொல்லு."