பின்பக்கத்துக் கணக்குகள்

அக்கா சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து வைத்துக்கொண்டு, பென்சிலைத் தொடுவதற்கு முன் விரல்களை ஒவ்வொன்றாகத் துண்டில் துடைத்தாள். எத்தனை முறை கழுவினாலும் லென்ஸ் தேய்க்கிற வெள்ளைப் பசை அவள் நகக்கண்களை விட்டுப் போகாது. முந்தின வாரம் அவள் கொடுத்த வீட்டுப்பாடத்தில் மூன்று இடத்தில் வெள்ளையாக விரல் ரேகை பதிந்திருந்தது. வகுப்பு உதவியாளர் அதைச் சுற்றி வட்டம் போட்டு ஒரு கேள்விக்குறியும் வைத்திருந்தார். அக்கா அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். "என் கைநாட்டையும் சேர்த்துத் திருத்திட்டாருடா."

அவளுக்கும் தம்பிக்கும் ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே தாள். வயது வித்தியாசம் மட்டும் ஏழு வருஷம். அப்பா படுக்கையில் விழுந்த வருஷம் அக்கா பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு லென்ஸ் பட்டறைக்குப் போய்விட்டாள். அப்பா போய்ச் சேர்ந்து, அம்மாவின் தையல் வேலை ஒரு நிலைக்கு வந்து, தம்பி கல்லூரியில் சேர்கிற நேரத்தில்தான் அவளும் விண்ணப்பம் எழுதிப் போட்டாள். பட்டறை மேற்பார்வையாளர் பெரிய மனசு பண்ணி அரை நாள் வேலைக்கு ஒத்துக்கொண்டார். "ஒரு வருஷம்தான்மா. அதுக்கு மேல எங்கிட்ட கேக்காத" என்று அப்போதே சொல்லியும்விட்டார். முதல் வருஷத்துக் கடைசியில் நுண்கணிதம் இரண்டாம் தாளில் அறுபது மதிப்பெண் எடுத்தால் பொறியியல் பிரிவில் இடம். எடுக்காவிட்டால் பட்டறை.

வாரத்துக்கு இருபத்துநான்கு கணக்கு. தாளின் முன்பக்கம் பன்னிரண்டு, தொகையிடல். பின்பக்கம் பன்னிரண்டு, முடிவிலாத் தொடர்கள். அக்கா ஒரு கணக்குக்கு அரைமணி நேரம் எடுத்துக்கொள்வாள். விடை வந்த பிறகும் விடமாட்டாள். அதைத் திருப்பி வகையிட்டு, கிளம்பின இடத்துக்கே வந்து சேர்கிறதா என்று பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி. பட்டறையில் தேய்த்த லென்ஸைக் கருவியில் வைத்து வளைவைச் சரிபார்க்காமல் கீழே வைக்கமாட்டாளாம், அந்தப் பழக்கம். தம்பிக்கு அதைப் பார்க்கவே கை அரிக்கும். அவன் வேகக்காரன். பாதிக் கணக்கிலேயே விடை தெரிந்துவிட்டால் மீதியை எழுதுவது அவனுக்கு வெட்டி வேலை.

யோசனை அவனுடையதுதான். நான்காவது வாரம் சொன்னான்.

"அக்கா, எதுக்கு ரெண்டு பேரும் எல்லாத்தையும் போட்டு மாரடிக்கணும்? முன்பக்கம் நீ போடு. பின்பக்கம் நான் போடறேன். அப்புறம் மாத்தி எழுதிக்கலாம்."

"போட்டுப் பார்த்தாதாண்டா கை பழகும்."

"உன் கண்ணைப் போய்க் கண்ணாடியில பாரு. பட்டறைக்கும் போயிட்டு இதையும் எப்படி? நான் போட்டதைப் பார்த்து எழுதறப்ப கை பழகாதா?"

உதவி செய்கிற மாதிரிதான் சொன்னான். அப்படித்தான் அவனும் நினைத்துக்கொண்டான். சாயங்காலம் பூப்பந்து மைதானத்தில் ஆள் குறைகிறது என்று நண்பர்கள் நச்சரித்துக்கொண்டிருந்ததை அவன் அவளிடம் சொல்லவில்லை. அக்கா தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தாள். கண்களை உள்ளங்கையால் அழுத்திவிட்டுக்கொண்டாள். "சரி. ஆனா ஒழுங்கா போடணும். நான் உன்னை நம்பித்தான் எழுதுவேன்" என்றாள்.

முதல் இரண்டு வாரம் ஒழுங்காகத்தான் போட்டான். மூன்றாவது வாரம் ஒரு மேல்வகுப்புக்காரனின் பழைய நோட்டு கைக்கு வந்தது. அதே கணக்குகள், வரிசை கூட மாறவில்லை. அதற்குப் பிறகு பின்பக்கம் பத்து நிமிஷ வேலை ஆயிற்று. அந்த நோட்டில் நிறைய இடத்தில் ஒரே வரி இருந்தது: 'உறுப்புகள் பூஜ்யத்தை நெருங்குகின்றன. ஆகவே தொடர் குவியும்.' சுருக்கமாக, அழகாக இருந்தது. அவன் அப்படியே எழுதினான். அவனைப் பார்த்து அக்கா எழுதினாள். உதவியாளர் வீட்டுப்பாடத்தில் சரியா தப்பா என்று பார்ப்பதில்லை; போட்டிருக்கிறதா இல்லையா என்றுதான் பார்ப்பார். இரண்டு பேருக்கும் வாரா வாரம் முழு மதிப்பெண். அம்மாகூடத் துணி வெட்டிக்கொண்டே, "ரெண்டும் போட்டி போட்டுக்கிட்டுப் படிக்குதுங்க" என்று பக்கத்து வீட்டில் பெருமை அடித்துக்கொண்டாள்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில் பட்டறையில் அவசர வேலை வந்து அக்கா ஒரு வகுப்புக்கு வரவில்லை. பாடம் எடுப்பவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'அடுத்தது'. எந்தக் கணக்கு முடிந்தாலும் கையில் இருக்கிற தூசியைத் தட்டிவிட்டு அந்த ஒரு சொல்லைத்தான் சொல்வார். அன்றைக்குப் பலகையில் ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று கூட்டிக்கொண்டே போகிற தொடரை எழுதினார்.

"உறுப்பெல்லாம் சிறுத்துக்கிட்டே போகுது. அதனால இது குவியும், கூட்டினா ஒரு எண்ணுல போய் நிக்கும்னு சொல்றவங்க கை தூக்குங்க."

வகுப்பில் பாதிப் பேர் தூக்கினார்கள். தம்பியும் தூக்கினான்.

"தூக்கின கையால இந்தத் தொடருக்கு ஒரு கும்பிடு போட்டுக்குங்க. இது விரியும்" என்றார் அவர். பிறகு உறுப்புகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டமும் அரைக்குக் குறையாது என்று காட்டினார். அரையும் அரையும் அரையும் என்று சேர்ந்துகொண்டே போனால் எங்கே போய் நிற்கும்? உறுப்பு பூஜ்யத்துக்குப் போகாவிட்டால் தொடர் குவியாது, அது நிச்சயம். போனால் குவியும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. "அடுத்தது."

தம்பிக்கு உடனே புரிந்துவிட்டது. ஐந்து வாரமாக எழுதினதில் எத்தனை இடத்தில் அந்த வரி இருக்கிறது என்றும் அந்தக் கணத்திலேயே நினைவுக்கு வந்தது. இன்றைக்குப் போனதும் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் வீட்டுக்குப் போனான்.

"இன்னைக்கு என்னடா நடந்துச்சு?" என்றாள் அவள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

சொல்ல வாயெடுத்தான். சொன்னால் அவள் நோட்டைக் கொண்டுவருவாள். வரி வரியாகப் பார்ப்பாள். நீ போடலையா, எங்கிருந்து எழுதினே என்று கேட்பாள். நம்பித்தான் எழுதுவேன் என்று சொன்ன அந்த முகத்தை அவன் பார்க்க வேண்டியிருக்கும். சனிக்கிழமை நிதானமாக உட்கார்ந்து சொல்லலாம்.

"ஒண்ணும் பெருசா இல்லக்கா. பழைய பாடம்தான்."

சனிக்கிழமை பூப்பந்துப் போட்டி இருந்தது. அதற்கு அடுத்த சனிக்கிழமைக்கு முன்பே தேர்வு வந்துவிட்டது.

அன்று காலையில் பேருந்தில் அக்காவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவன் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். நடுவே கண்ணைத் திறந்து அண்ணாந்து பார்த்தாள்.

"டேய், உறுப்பு பூஜ்யத்துக்குப் போனா தொடர் குவியும். அவ்வளவுதானே?"

பேருந்து ஒரு திருப்பத்தில் திரும்பிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது. யாரோ இறங்குவதற்காக அவன் முதுகை இடித்துக்கொண்டு போனார்கள். சொல்ல முடியாமல் இல்லை. 'இல்லக்கா, அது தப்பு.' மூன்றே சொல். ஆனால் தேர்வுக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது இதைச் சொன்னால் அவள் பதறிப்போவாள், தெரிந்ததும் மறந்துபோகும், அந்தக் கேள்வி வரப்போகிறது என்று யார் சொன்னது? இத்தனையும் ஒரு நொடியில் அவன் மனசில் ஓடியது.

"ம்" என்றான்.

அந்தக் கேள்விதான் வந்தது. ஏழாவது கேள்வி, பதினாறு மதிப்பெண். அவன் தலையை நிமிர்த்தினான். மூன்று வரிசை முன்னால் அக்காவின் முதுகு தெரிந்தது. ஒரு கணக்குக்கு அரைமணி நேரம் எடுக்கிறவள், நிற்காமல், அடிக்காமல், வேக வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் அவன் தோளில் ஒரு தட்டு தட்டினாள். "ஏழாவது ரெண்டே வரியில முடிஞ்சுதுடா! அந்த நேரத்தை எல்லாம் மூணாவதுக்குக் கொடுத்தேன். உன் புண்ணியம்." அன்றைக்கு அவள் முகம் பள்ளிக்கூடத்துப் பெண்ணின் முகம் மாதிரி இருந்தது. அவன் பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தான்.

அவனுக்கு அறுபத்துநான்கு. அவளுக்கு ஐம்பத்தொன்று.

தொகையிடல் அத்தனையிலும் அவள் முழு மதிப்பெண் வாங்கியிருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். விடைத்தாளைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். "போய்ப் பார்க்கலாமாடா? எங்க போச்சுன்னு தெரியணுமில்ல" என்று அவள் கேட்டாள். அவன் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"எதுக்குக்கா? பார்த்தா மட்டும் மாறிடப் போகுதா? மனசுதான் இன்னும் சங்கடப்படும்."

அவள் போகவில்லை. அதற்கு அடுத்த திங்கட்கிழமை முழு நாள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். அழுததாக யாரும் பார்க்கவில்லை. "எனக்குக் கணக்கு மண்டையில ஏறலம்மா. அதுக்கு ஒரு தலை வேணும்" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னாள். அந்த வாக்கியம் நாளாக ஆக வீட்டில் ஒரு வேடிக்கை மாதிரி ஆகிவிட்டது. கடைக்காரன் மீதி கொடுப்பதில் தடுமாறினால்கூட, "என்கிட்ட கேக்காதீங்க, எங்க வீட்ல என் தம்பிதான் கணக்குப் புலி" என்பாள். அவன் சிரிப்பான். பேருந்துச் சத்தத்தில் அன்றைக்கு அவள் கேட்டது காதில் விழவில்லை என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளப் பழகியிருந்தான். சில வருஷங்களில் அது ஏறக்குறைய உண்மையாகவே ஆகியிருந்தது.

ஏழு வருஷம் கழித்து ஒரு வியாழக்கிழமை மதியம், பாலங்களுக்கு வரைபடம் போடும் அவன் அலுவலகத்துக்கு அம்மா போன் செய்தாள். பட்டறையில் லென்ஸ் வடிவமைப்புப் பயிற்சிக்கு ஒருத்தரை அனுப்பப் போகிறார்களாம். மேற்பார்வையாளர் அக்காவின் பெயரைத்தான் சொன்னாராம். அதில் கணக்குப் பாடம் உண்டு என்று கேட்டதும் அவள் மாட்டேன் என்றுவிட்டாளாம். "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பேரைக் கொடுக்கணுமாம். நீ படிச்சவன், நீயாவது எடுத்துச் சொல்லேன். எனக்கு ஏறாது ஏறாதுன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்கா."

அவன் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனான்.

நீளமான அறை. சுவரோரம் வரிசையாக ஆறு தேய்ப்பு இயந்திரங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒழுகுகிற மெல்லிய நீர், தரையெல்லாம் வெள்ளை ஈரம். அக்கா மூன்றாவதில் நின்றிருந்தாள். அவனைப் பார்த்ததும் பதறினாள். "அம்மாவுக்கு ஏதாவதா?"

"இல்லக்கா. உன்கிட்டதான் ஒண்ணு சொல்லணும்."

அவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவனைப் பின்னாலிருந்த பரிசோதனை மேசைக்கு அழைத்துப் போனாள். பேருந்தில் வரும்போது ஒழுங்காகக் கோர்த்து வைத்திருந்ததெல்லாம் உதிர்ந்துபோய், வாலில் ஆரம்பித்துத் தலையில் முடித்தான். ஏழாவது கேள்வி, அவள் வராத வகுப்பு, மேல்வகுப்புக்காரனின் நோட்டு. அவள் ஒரு கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்து, அதன் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸுல நான் உன்கிட்ட கேட்டேன்" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"காதுல விழுந்துச்சா?"

ஏழு வருஷம் பழகி வைத்த பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"விழுந்துச்சுக்கா."

"பேப்பர் பார்க்கப் போக வேணாம்னு சொன்னியே."

"அதுவும் இதுக்குத்தான்."

அவள் தலையை ஆட்டினாள். கணக்கில் ஒரு வரி சரியாக வந்து சேர்ந்தால் ஆட்டுகிற மாதிரி. பிறகு மேசையில் கிடந்த ஒரு வேலைச்சீட்டைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினாள்.

"அப்ப அது குவியாதா? எப்படி? காட்டு."

அவன் எழுதினான். ஒன்று. அரை. மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் சேர்த்து ஒரு வளைகோடு. அடுத்த நான்கு உறுப்புக்கு ஒரு வளைகோடு. மூன்றில் ஒன்றை அடித்து நான்கில் ஒன்று என்று குறைத்து எழுதினாலும் அந்தக் கூட்டம் அரைக்குக் குறையாது என்று ஆரம்பித்தான். அவன் முடிப்பதற்குள் அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். "அடுத்த கூட்டத்துல எட்டு வரும். எல்லாத்தையும் பதினாறுல ஒண்ணுன்னு வெச்சாக்கூட மறுபடியும் அரை. அதுக்கடுத்தது பதினாறு. அங்கயும் அரை." பேனா நின்றது. "இது நிக்கவே நிக்காதே."

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிஷம். பேருந்தில் அதற்கு முக்கால் மணி நேரம் இருந்தது.

"அக்கா, அந்தப் பயிற்சிக்கு இன்னைக்கே பேர் கொடுத்துடு. நான் வேணும்னா..."

"நீ கிளம்பு."

"அக்கா..."

"கிளம்புடா. எனக்கு வேலை கிடக்கு."

குரல் உயரவில்லை. அவள் கண் அந்தச் சீட்டை விட்டு எழும்பவும் இல்லை. அவன் ஈரத் தரையில் வழுக்காமல் பார்த்து நடந்து, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து நின்றான். நடைபாதையில் லென்ஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி நகர்ந்தது. கதவில் இருந்த மங்கல் கண்ணாடி வழியாக உள்ளே ஆள்கள் வெறும் நிழலாகத் தெரிந்தார்கள். இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது. அவன் சுவரில் சாய்ந்து எண்ணிப் பார்த்தான். ஐந்துதான் ஓடியது; அக்காவினுடையது இன்னும் நின்றே இருந்தது. தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு நிழல் வந்தது, பரிசோதனை மேசையில் குனிந்தபடியே இருந்த அக்காவின் நிழலுக்கு முன்னால் கொஞ்சம் நின்றது, வந்த வழியே திரும்பிப் போனது. ஆறாவது சத்தத்துக்காக அவன் காத்துக்கொண்டிருந்தான்.